தங்க ரேக்கும் காலி இடமும்

தேவகிருபை அம்மாள் தட்டையான அணில்மயிர்த் தூரிகையை இடது கன்னத்தில் ஒரு இழுப்பு, வலது கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்துக்கொள்கிறார். பூனை முகம் துடைக்கிற வேகம். கன்னத்து எண்ணெய்ப் பசை மயிரில் ஏறிவிடுகிறது. அதன் நுனியைத் தங்க ரேக்கின் ஓரத்தில் வைத்தால் போதும், தும்பிச் சிறகைவிட மெல்லிய அந்தத் தகடு தானே எழுந்து ஒட்டிக்கொண்டு வருகிறது. விரலால் தொட்டால் அது தங்கமில்லை, வெறும் அழுக்கு. மூச்சுப் பட்டால் சுருண்டுவிடும்.

ஆகவே அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. "மொதலாளி, ரேக்கு தொறக்கப் போறேன்" என்று அம்மாள் குரல் கொடுத்தால், ராயபுரத்தில் பெயர்பெற்ற அந்தப் படச் சட்டக் கடையின் சொந்தக்காரர் பக்தவச்சலம், மூக்குப்பொடி டப்பியும் கையுமாகத் தம் கடையிலிருந்து தாமே இறங்கித் தெருவில் நிற்க வேண்டும். முன்னொரு நாள் அவர் போட்ட தும்மலில் மாதா படத்துக்குப் போகவேண்டிய தங்கம் பறந்து போய்ச் சுவரில் இருந்த பல்லியின் மேல் ஒட்டிக்கொண்டது.

"அந்தப் பல்லி இன்னும் கீது தம்பி" என்று என்னிடம் சொல்வார் அம்மாள். "வெள்ளிக்கெழம ஆனா அத்தப் பாத்துட்டுத்தான் மொதலாளி கல்லாவயே தொறக்குறாரு. இவுரு தும்முனது, லட்சுமின்னு கும்புட்றாரு!"

அம்மாளுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. வெள்ளைச் சேலை, முழங்கை வரை ரவிக்கை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிறு சிலுவை. வர்ண வேலை செய்கிறவர் என்று உடுப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. வலது கைச் சுண்டுவிரலைப் பார்த்தால் சொல்லலாம். சாயம் காய்ந்துவிட்டதா என்று அந்த விரலின் புறத்தால்தான் தொட்டுப் பார்ப்பார். தொட்ட விரலைப் பக்கத்து ஆணியில் தொங்கும் கந்தலில் இழுப்பார். கறை விழுந்தால் காயவில்லை. விழாவிட்டால் காய்ந்தது. அந்தக் கந்தலுக்குக் கோர்ட்டு என்று பேர். "இரு, கோர்ட்டு இன்னா சொல்லுதுன்னு பாப்போம்" என்று அவர் சொல்லிக் கேட்காமல் அந்தக் கடையில் எந்தப் பொருளும் வாங்குகிறவர் கைக்குப் போனதில்லை.

வளர்ந்தது கன்னிமார் மடத்து அனாதைச் சாலையில். கடல் கடந்து வந்த கன்னிகாஸ்திரீகள் அங்கே பீடத்து மரவேலைக்குத் தங்கம் பூசுவார்கள். சுண்ணாம்புப் பொடியையும் வச்சிரப் பசையையும் குழைத்து மரத்தின்மேல் தடவி, தேய்த்து, மறுபடி தடவி, முட்டை ஓடு போல வழவழப்பாக்கி, அதன்மேல் ரேக்கு ஒட்டுவது ஐரோப்பியரின் பழைய வித்தை. அதை அம்மாள் அங்கே பிடித்துக்கொண்டார். இந்தக் கடையில் அவருக்குச் சம்பளத்து வேலையும் அதுதான்: சுவாமி படச் சட்டம், மாதா படச் சட்டம், கலியாணத் தகரப் பெட்டியின் மூடியில் ரோஜா, கிளி, 'நல்வரவு'.

சம்பளம் இல்லாத வேலை ஒன்று பின்கட்டில் நடக்கிறது. சட்டம் அறுத்து மீந்த தேக்குத் துண்டுகளில் அவர் தமக்காக வரைகிறார்.

அதற்குக் காரணம் கருவாடு. துறைமுகத்தில் ஜப்பான் கப்பல்கள் இறக்கும் கோப்பை தட்டுகளைச் சுற்றி வைக்கோலும், அச்சுப் படம் போட்ட பழைய காகிதமும் திணித்திருப்பார்கள். பெட்டி உடைபட்டதும் அந்தக் காகிதம் அள்ளுகிறவர் பாடு. மீன் விற்கும் கெங்கம்மா அதில்தான் கருவாடு மடித்துக் கொடுப்பாள். அம்மாள் ஒரு நாள் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே கருவாடு, காகிதத்தில் ஒரு மீன். தாளின் கீழ்மூலையில் ஒரே ஒரு மீன். மீதித் தாள் முழுவதும் ஒன்றுமில்லை. தண்ணீர்கூட வரையவில்லை. ஆனாலும் அது நீந்திற்று. அன்றைக்குச் சோறு வைக்க மறந்துபோனதாக அம்மாள் சொல்கிறார்.

அதுமுதல் அவர் பலகைகளில் ஒரு கத்திரிக்காய் இருக்கும். அல்லது நசுங்கிய பித்தளைச் சொம்பு. அல்லது வாய் பிளந்த ஒரு மட்டிச் சிப்பி. அந்த ஒன்றுக்கு உயிரைக் கொடுத்து வரைந்திருப்பார். கத்திரிக்காய்க் காம்பின் முள் உங்கள் விரலைக் குத்தும். மீதி இடம் காலி. காலி என்றால் சும்மா விட்ட மரமல்ல. முட்டை ஓட்டு வெண்மை, அல்லது மாதா கோயில் தங்கம். மேல்நாட்டார் இப்படிப் பழத்தையும் பாத்திரத்தையும் வைத்து எழுதிய படங்களைக் கல்லூரி நூலகத்துப் புத்தகங்களில் ஆசை தீரப் புரட்டியிருக்கிறேன். அவர்கள் மேஜை முழுக்க நிரப்புவார்கள். முயல், திராட்சை, பாதி உரித்த பழம், வெள்ளிக் கிண்ணம். பார்த்து முடிப்பதற்குள் பசி வந்துவிடும். அம்மாளின் கத்திரிக்காயைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடுகிறது. எங்கள் கிராமத்திலிருந்து முதன்முதலாகப் பி.ஏ. தேறியவன் நான், அந்தப் படிப்பைச் சாட்சி வைத்தே இதைச் சொல்கிறேன்.

இதெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டபோது அவர் விரல் விட்டு எண்ணிச் சொன்னார்: "தங்கம் மடத்துல கத்துக்கினது. சும்மா வுட்றது ஜப்பான் காய்தத்துல கத்துக்கினது. கத்திரிக்கா கொத்தவால் சாவடி மார்க்கெட்டு."

தெருவில் இந்த வேலைக்கு மதிப்பு இப்படித்தான்: "பாதிப் பலக சும்மா கீதே, இன்னா, பெயின்ட்டு தீந்துபூட்சா?" அம்மாள் கோபித்துக்கொள்ளமாட்டார். "ஆமா நைனா, நீ வாங்கிக் குடு, ரொப்பிட்றேன்" என்பார். கெங்கம்மாவின் வருத்தம் வேறு. அம்மாள் அவளிடம் ஒற்றை மீன் வாங்குகிறார். அதையும் கூடையில் உள்ளதையெல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்த்து.

"ஒத்த மீனு வாங்கி ஊருல எவளாச்சும் கொழம்பு வெப்பாளா? அதுல மூஞ்சி வேற பாக்குறே! பொண்ணு பாக்க வந்தியா, மீனு வாங்க வந்தியா யக்கா?"

"மூஞ்சி நல்லா இருந்தாத்தான்டி கொழம்பும் நல்லா இருக்கும்."

இந்தக் கெங்கம்மாவுக்கும் பின்கட்டில் உரிமை உண்டு. கிணற்றடியை ஒட்டி ஒரு செங்கல் மாடம். ஜன்னல் இல்லை, கதவும் இல்லை. வாசலில் நனைத்த கோணிச் சாக்கு ஒன்று திரை போலத் தொங்கும். விற்காத மீனை அவள் அதற்குள் வைத்துவிட்டுப் போவாள். கடைக்குள் மீன் வாடை வருகிறதென்று பக்தவச்சலம் மாதந்தோறும் அவளைக் காலி செய்யச் சொல்வார். மாதந்தோறும் அம்மாள், "வுடுங்க மொதலாளி, பாவம்" என்பார்.

பின்கட்டு வேலைக்கு ஆபத்து வந்தது சென்ற சித்திரையில். அதை அழைத்து வந்தவனும் ஒருவகையில் நானே. கடற்கரைச் சாலையில் ஒரு கப்பல் ஏஜண்டு ஆபீஸில் எனக்கு உத்தியோகம். வருகிறவர்கள் உட்காரும் அறையில் மாட்ட எங்கள் துரை ஒரு படம் தேடினார். கப்பல் படம் வேண்டாம், ஜன்னலைத் திறந்தால் கப்பல்தான் என்றார். நான் அவரை அம்மாளிடம் அழைத்துப் போனேன். துரை கத்திரிக்காய்க்கு எதிரே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். பிறகு, இதே முறையில் பெரிய பலகை ஒன்று, கறுப்புத் தளத்தில் வேண்டும் என்று சொல்லி, ஆபீஸிலிருந்து ஒரு தகர டப்பாவையும் அனுப்பிவைத்தார். ஜப்பானில் கோபே ஊரிலுள்ள கம்பெனியார் பரிசாகக் கொடுத்த மெருகுச் சாயம். முகம் பார்க்கலாம் போல ஜப்பான் தட்டுகள் மின்னுமே, அதற்குப் பூசுவது. டப்பாவின்மேல் வழிமுறை எழுதியிருந்தது, ஜப்பான் எழுத்தில். எனக்கு இங்கிலீஷ் தெரியும், தமிழ் தெரியும், சம்ஸ்கிருதமும் கொஞ்சம் தெரியும். அந்த எழுத்து இவற்றில் எதற்கும் உறவாகத் தெரியவில்லை.

பக்தவச்சலம் நல்ல தேக்காகப் பார்த்து ஒரு பலகை இழைத்துக் கொடுத்தார். கொடுக்கும்போதே பேச்சையும் முடித்துவிட்டார்.

"இதோ பாரும்மா. இது நல்லபடியா போச்சுன்னா பின்கட்டு உன்னுது. கத்திரிக்கா வரை, கருவாடு வரை, நான் ஏன்னு கேக்கமாட்டேன். இது பேஜாராச்சுன்னு வெச்சிக்கோ, அப்பால ரோஜா, கிளி, நல்வரவு. ஒரு தேக்குச் சில்லுகூட உனக்குக் கெடையாது. சம்மதமா?"

"சம்மதம் மொதலாளி."

கீழே வலது மூலையில் சுருட்டிய தாம்புக் கயிறு, அதன்மேல் சாய்ந்து ஒரு எலுமிச்சம்பழம். பழத்துக்குத் தங்கம், தங்கத்தின்மேல் மெல்லப் பச்சை. மீதி முழுவதும் இருட்டு. கோட்டுப் படத்தைக் காட்டியபோதே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் முதலில் அந்தக் கறுப்புத் தளம் காயவேண்டும். ஈரத் தளத்தின் பக்கத்தில் ரேக்கைத் திறந்தால் தங்கம் கண்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு எல்லாம் பாழாகும்.

ராயபுரத்தில் ஈரமான பொருள் எதுவானாலும் போகிற இடம் ஒன்றுதான். வலை, அப்பளம், நெத்திலி, வெளுத்த வேட்டி, சட்டத்துக்கு அடித்த வார்னிஷ் எல்லாம் வெயிலுக்குப் போகும். கறுப்புச் சாயம் பூசிய பலகையும் மொட்டை மாடிக்குப் போயிற்று. அக்கினி நட்சத்திரத்து வெயில். மேல்காற்று அடுப்பு வாயைத் திறந்ததுபோல் வீசியது. மாலையில் அம்மாள் சுண்டுவிரலை வைத்தார். கோர்ட்டில் கறுப்புக் கோடு. மறுநாளும் கோடு. மடத்தில் வார்னிஷ் காயாவிட்டால் சூட்டில் வாட்டுவார்கள் என்று கரியடுப்பை மூட்டிப் பலகையை அதன் பக்கத்தில் சார்த்தினார். அதற்கும் கோடு. காய்ச்சக் காய்ச்ச அந்தச் சாயம் வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கொண்டே இருந்தது.

அத்தோடு அம்மாளின் மணிக்கட்டில் தடிப்பும் கொப்புளமும் கிளம்பிவிட்டன. பக்தவச்சலத்தின் வெள்ளை வேட்டிகளை வெளுக்கும் சின்னப்பையன், வண்ணாரப்பேட்டையிலிருந்து மூட்டையோடு வந்தவன், அதைப் பார்த்துவிட்டு மூட்டையைக் கீழே வைத்தான். வெளுக்கிற துணிகளில் அடையாளக் குறி போட, பட்ட இடம் கொப்புளிக்கும் சேராங்கொட்டைப் பாலைத் தொடுகிறவன் அவன்.

"இன்னாம்மா, சேராங்கொட்டைய எடுத்துக் கைல தேச்சிக்கினியா?"

"இல்லடா. ஜப்பான் வார்னிசு."

அவன் டப்பாவை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். "அதுக்கு இது சித்தப்பன் மவன்மா! தேங்கா எண்ணெ போடு. ஒண்ணு சொல்றேன், இந்தக் கறை துணில பட்டுச்சுன்னா துணி கிழிஞ்சாலும் கறை போவாது. மொதலாளி அங்கவஸ்திரத்தாண்ட மட்டும் போயிடாதே, என் பொழப்பு போயிடும்."

அந்த நாட்களில் நான் ஆபீஸ் விட்டதும் டிராமிலிருந்து இறங்கி நேரே கடைக்குப் போவேன். அம்மாளின் மணிக்கட்டில் தேங்காய் எண்ணெயும் துணிச் சுற்றும். கன்னத்தில் ஏறவேண்டிய தூரிகை டப்பாவில் கவிழ்ந்து கிடக்கும். முன்கட்டில் உட்கார்ந்து கலியாணப் பெட்டிக்குக் கிளி போட்டுக்கொண்டிருப்பார். அவர் போட்ட கிளிகளில் அத்தனை வாட்டமான கிளிகளை நான் பார்த்ததில்லை.

துரையின் மேலதிகாரி கொழும்பிலிருந்து வரும் நாள், அதற்குள் படத்தை மாட்டியாகவேண்டிய நாள், நெருங்கியது. ஒரு சாயங்காலம் பக்தவச்சலம் பலகையைத் தொட்டுப் பார்த்து, ஒட்டிய விரலைப் பிய்த்து எடுத்தார்.

"போதும்மா. நாளைக்குக் காலைல ஆளு வரான். உளி வெச்சி இத்தச் சொரண்டி எடுத்துட்டு, நல்லதா ஒரு வெள்ளத் தளம் போட்டு, ரெண்டு கிளி, நடுவுல ஒரு கப்பலு. துரைக்கு நான் சொல்லிக்கிறேன். நீ பாட்டுக்கு ரோஜாவப் பாரு."

அம்மாள் தலையை மட்டும் ஆட்டினார். முதலாளி படியிறங்கித் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பலகையைக் கைகளில் ஏந்தி, குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி, கெங்கம்மாவின் மாடத்துக்குள் கொண்டுபோய் வைத்து ஈரச் சாக்கை இழுத்து மூடினார். மீன் வாடைக்குப் பயந்து பக்தவச்சலம் எட்டிப் பார்க்காத இடம் அந்தக் கடையில் அது ஒன்றுதான்.

"ஒளிச்சு வெச்சு என்னம்மா ஆகப்போகிறது?" என்றேன்.

"சொரண்டுறத நான் பாக்கக் கூடாது தம்பி" என்றார். "காயாங்காட்டி காயாத கெடக்கட்டும். நான் வூட்டுக்கு எடுத்துக்கினு போறேன்."

மறுநாள் காலையில் ஆபீஸுக்குப் போகும் வழியில் நான் நுழைந்தபோது, பக்தவச்சலம் முன்னாடியே வந்துவிட்டிருந்தார். கஞ்சி மொடமொடக்கும் அங்கவஸ்திரத்தைக் கழற்றி வழக்கமான ஆணியில் மாட்டிவிட்டு, "பலகை எங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். உளியோடு ஆசாரி ஒருவர் படியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அம்மாள் கிளியின் மூக்கில் சிவப்பு வைத்துக்கொண்டே இருந்தார்.

பதில் பின்கட்டிலிருந்து வந்தது.

"அய்யய்யோ யக்கா! இது இன்னாது இங்க? இருட்டுல தெரியாம இதும்மேலயே மீன்கூடைய வெச்சிட்டேனே!"

அம்மாள் கையிலிருந்த தூரிகை விழுந்தது. நாங்கள் எல்லாரும் ஓடினோம். கெங்கம்மா, காலை ஏலத்தில் எடுத்த மீன்கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மறு கையால் பலகையை வெளியே இழுத்துச் சுவரில் சார்த்தியிருந்தாள். பலகையெங்கும் தண்ணீர் வழிந்தது. தண்ணீரோடு மீன் செதிள்கள்.

"நல்லா கீதும்மா!" என்று பக்தவச்சலம் தலையில் கை வைத்துக்கொண்டார். "வெயில்ல காயாத சாயம் ஈரத்துல காயுமா? துரை ஆபீசுல போயி மீன் நாத்தத்த மாட்டுவியா?"

அம்மாள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. குனிந்து பார்த்தார். கறுப்பின்மேல் செதிள்கள் வெள்ளிப் பொட்டுகளாக மினுங்கின. அவர் ஒன்றை ஊதினார். அது வழுக்கிக்கொண்டு கீழே போயிற்று. இன்னொன்றை ஊதினார். அதுவும் போயிற்று. ஒட்டவில்லை. கூடை உட்கார்ந்த இடத்தில் ஒரு வளையம்கூட இல்லை.

பிற்பாடு கோபே கப்பல் அதிகாரி ஒருவர் எங்கள் ஆபீஸுக்கு வந்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சாயம் மரத்தின் பாலாம். வெயிலைக் கண்டால் இறுகாதாம். ஈரத்தைக் குடித்துத்தான் காயுமாம். அவர்கள் ஊரில் அதற்கென்றே உட்புறத்தை நனைத்து வைத்த அலமாரி உண்டாம். மீன்கூடை வைத்த அலமாரி உண்டா என்று நான் கேட்கவில்லை. ஆனால் அன்று காலையில் கிணற்றடியில் இதெல்லாம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அம்மாள் முந்தானையால் தண்ணீரை ஒற்றி எடுத்தார். கறுப்புக்குள் அவர் முகம் தெரிந்தது. பின்னால் என் முகம். அதற்கும் பின்னால், வாய் பிளந்த பக்தவச்சலம். பலகையை முன்கட்டுக்குத் தூக்கி வந்து மேஜைமேல் கிடத்தினார். சுண்டுவிரலின் புறத்தைப் பலகையின் நட்டநடுவில் வைத்து, அழுத்தி, எடுத்தார்.

"கோர்ட்டு இன்னா சொல்லுது?" என்று கெங்கம்மா கூடையை இறக்காமலே கேட்டாள்.

அம்மாள் கந்தல் தொங்கிய ஆணியைத் தாண்டி நடந்தார்.

"அது கீழ்க்கோர்ட்டுடீ. இன்னிக்கி ஐகோர்ட்டு."

"அம்மா! அம்மா! அது நேத்து வெளுத்தது!" என்று பக்தவச்சலம் பாய்வதற்குள், அடுத்த ஆணியில் தொங்கிய அங்கவஸ்திரத்தில் மேலிருந்து கீழ்வரை அந்த விரல் ஒரே இழுப்பாக இறங்கிவிட்டது.

வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

பக்தவச்சலம் துணியை இப்படித் திருப்பிப் பார்த்தார், அப்படித் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். படியிலிருந்த ஆசாரியிடம் கையால் போகச் சொன்னார். அம்மாள் டப்பாவிலிருந்து தட்டைத் தூரிகையை எடுத்து இடது கன்னத்தில் ஒரு இழுப்பு, வலது கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டார்.

பக்தவச்சலம் மூக்குப்பொடி டப்பியைத் தேடி எடுத்து, யாரும் சொல்லாமலே தெருவில் இறங்கி நின்றார்.